மூன்று விரல் குறைவு

11

புது ரொட்டி டின் சமையல் மேடையில் இருந்தது. ஜன்னல் வெயில் அதன் மேல் பட்டுச் சுவரில் ஒரு வெளிச்சத் துண்டு ஆடியது. மாவைத் தொட்டுப் பார்த்த கையோடு அமிர்தவல்லி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சின்னதாகத் தெரிந்தது.

புதுசு என்பதால் அப்படித் தெரிகிறதோ என்று முதலில் நினைத்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து டின்னுக்குள் சாண் வைத்துப் பார்த்தாள். ஒரு சாண், அதற்கு மேல் ஒரு விரல். பழைய டின் ஒரு சாணும் நாலு விரலும். அகலம் அதேதான். உயரமும் அதேதான். நீளத்தில் மட்டும் மூன்று விரல் போயிருந்தது.

அந்த வீட்டில் மூன்று விரல் என்றால் ஒரு துண்டு ரொட்டி.

பழைய டின் கொழும்பிலிருந்து வந்தது. அமிர்தவல்லியின் புருஷன் இன்னாசிமுத்து அங்கே ஒரு பேக்கரியில் வேலை பார்த்தவன். இனி அங்கே இருக்க முடியாது என்றான பிறகு, மனைவியையும் கைக்குழந்தை பிலோமியையும் கூட்டிக்கொண்டு போட் மெயிலில் புதுக்கோட்டைக்கு வந்து இறங்கினான். கொண்டு வந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் அந்த டின்னும்தான். திருக்கோகர்ணத்தில் அண்ணன் மரியசெல்வத்தின் வீட்டுக் கொல்லையில் செங்கலும் களிமண்ணுமாக ரொட்டி அடுப்பு கட்டினான். கொழும்புப் பழக்கத்தில் அதைப் போறணை என்பான். வீட்டில் எல்லோரும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள்.

சனிக்கிழமை சுடுவது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெறும் வயிற்றோடு திரும்பி வந்து வெட்டுவது. ஐந்து துண்டு. மரியசெல்வத்துக்கு ஒன்று, அவர் மனைவி ஆரோக்கியம்மாளுக்கு ஒன்று, இன்னாசி, அமிர்தவல்லி, பிலோமி. ஒருவருக்கு ஒன்றுதான். இரண்டாவது துண்டு யாருக்கும் கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன் இன்னாசி விஷக்காய்ச்சலில் போனான். டின் மாறவில்லை. அவன் துண்டு அன்றைக்கு வாசலுக்கு யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு. பெரும்பாலும் பால்காரி பிச்சையம்மாள் வருவாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை அது அமிர்தவல்லியின் அண்ணன் சூசைக்குப் போயிற்று. ஆவூரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து, ரொட்டியைத் தின்று, தங்கையிடம் "சொகமா இருக்கியா" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிட்டான். மரியசெல்வம் அவனோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போனார். திரும்பி வந்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். என்ன பேசினார்கள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

பழைய டின்னின் ஒட்டு விட்டு மாவு ஒழுகியது போன சனிக்கிழமை. "புதுசு நானே அடிச்சுக்கிட்டு வாரேன்" என்று திங்கட்கிழமை பழைய டின்னைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனவரும் மரியசெல்வம்தான். சமையல்கட்டுச் சாமானைக் கையால் தொடாத மனுஷர். பஸ் கம்பெனியில் டைம்கீப்பர். அப்போதே அமிர்தவல்லிக்கு அது வினோதமாகப் பட்டது.

இப்போது டின் வந்துவிட்டது.

"என்னடி அமிர்தம், டின்னைப் பாத்துக்கிட்டு நிக்கிறே? மாவு பொங்கிரப் போவுது" என்று சொல்லிக்கொண்டே ஆரோக்கியம்மாள் உள்ளே வந்தாள்.

"டின்னு சின்னதா இருக்குக்கா."

"புதுசுல்ல. அப்படித்தான் தெரியும்."

"சாண் வச்சுப் பாத்துட்டேன்."

ஆரோக்கியம்மாள் மேடைப் பக்கம் திரும்பினாள். கவிழ்த்து வைத்திருந்த செம்பை நிமிர்த்தினாள். மறுபடி கவிழ்த்தாள்.

"நீளத்துல ஒரு துண்டு கொறையுதுக்கா."

"தகரம் பத்தாம இருந்திருக்கும். தகரக்கடை நாகராசு கெடச்சதை வச்சு ஒப்பேத்தியிருப்பான்."

"அப்ப போயிக் கேட்டுட்டு வாரேன்."

"இந்த வெயில்லயா? அவுக வரட்டும், நான் சொல்றேன்."

"அவுக வர்ற வரைக்கும் மாவு காத்துக்கிட்டு இருக்குமா?"

"போகாத அமிர்தம்."

சொன்ன வேகத்தில் ஆரோக்கியம்மாளே பயந்துபோனாள். அமிர்தவல்லி அவள் முகத்தைப் பார்த்தாள். அவள் அடுப்பைப் பார்த்தாள். இருவருக்கும் நடுவில் ஈரத்துணி போர்த்திய மாவுப் பாத்திரம் இருந்தது. துணி நடுவில் லேசாக எழும்பத் தொடங்கியிருந்தது.

மாவு ஐந்து துண்டுக்கான மாவு. அளவு கைக்குப் பழகிப்போனது, யோசித்துப் போடுவதில்லை. போன வாரத்து மாவில் ஓர் உருண்டை எடுத்து ஜாடியில் வைத்திருந்து, அதைக் கரைத்து விட்டு, விடிவதற்கு முன்பே பிசைந்தாயிற்று. இதை இனிக் குறைக்க முடியாது.

டின் விஷயத்தில் இன்னாசி பிடிவாதக்காரன். "டின்னு பெருசா இருந்தா ரொட்டி சோம்பேறியாட்டம் படுத்துக்கும். சின்னதா இருந்தா திமிறிக்கிட்டு வெளிய வரும். மண்டை கருகிப்போயி நடுவுல பச்சையா நிக்கும். மாவைப் போட்டா பாதி டின்னு இருக்கணும். பொங்கினா வாயைத் தொடணும். அம்புட்டுத்தான். மொதல்ல ஆளை எண்ணு. அப்புறம் மாவை அள. டின்னு கடைசியில" என்பான்.

ஆளை எண்ணித்தான் இதையும் அடித்திருக்கிறார்கள் என்று அமிர்தவல்லிக்குப் பட்டது. இன்னாசியை எடுத்துவிட்டார்கள்.

செத்த பிறகும் அந்த மனுஷனுக்கு இருந்தது வாரத்துக்கு ஒரு துண்டு. அதையும் ஒரு வார்த்தை சொல்லாமல் வெட்டிவிட்டார்கள்.

டின்னைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு முக்காட்டை இழுத்துவிட்டு வாசல் வழியாக இறங்கி நடந்தாள். பின்னால் ஆரோக்கியம்மாள் கூப்பிடவில்லை.

*

கீழராஜ வீதியிலிருந்து பிரியும் சந்தில் நாகராசுவின் தகரக் கடை. கடை முழுக்கப் புனல்களும் சிம்னி விளக்குகளும் தொங்கின. நாகராசு காலுக்கிடையில் ஒரு மண்ணெண்ணெய் டின்னைப் பிடித்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்க தங்கச்சி. என்ன, ரொட்டி சுட்டு எனக்கு ஒரு பங்கு கொண்டாந்திருக்கீங்களாக்கும்?"

பையிலிருந்து டின்னை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"ஒழுகுதா?" சிரிப்புப் போய்விட்டது. "ஒழுகாதே. தண்ணி ஊத்திப் பாத்துல்ல குடுத்தேன்."

"ஒழுகல. நீளம் கொறையுது."

"ஆமா. கொறையத்தான் செய்யும்."

"பழைய டின்னைத்தானே மாதிரிக்குக் குடுத்தாக?"

"குடுத்தாரு. இதே அகலம், இதே ஒசரம், நீளத்துல மட்டும் ஒரு துண்டு கொறச்சுக்க நாகராசுன்னாரு. துண்டுன்னா எம்புட்டு சார்னு கேட்டேன். மூணு வெரலுன்னு காட்டுனாரு. அவரு வெரல் தடிச்ச வெரலு, நான் கொஞ்சம் தாராளமாத்தான் விட்டேன்." டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் வேலையில் அவனுக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

"தம்பி துண்டை எடுத்துருங்கன்னாரா?"

"தம்பியா?" நாகராசு நிமிர்ந்தான். "இன்னாசியண்ணனைச் சொல்றீங்களா? அந்தப் பேச்சே இல்லீங்களே. வீட்டுல ஒரு ஆளு கொறையப் போகுது நாகராசுன்னாரு. யாரு சார்னேன். நல்ல காரியந்தான்யா, தை பொறந்ததும் தெரியும்னு சிரிச்சாரு. அந்தாளு சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அதனாலதான் ஞாபகம் இருக்கு."

அமிர்தவல்லி டின்னைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"நான் பாப்பாவை போர்டிங்குல சேக்குறீகளோன்னு நெனச்சேன்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். "ஏன் தங்கச்சி? ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள் அமிர்தவல்லி. பொய்தான். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் அது பொய்யாக இல்லாமல் போய்விட்டது.

நல்ல காரியம் என்றால் கல்யாணம். ஒன்பது வயதுப் பிலோமிக்குக் கல்யாணமில்லை. அந்த வீட்டில் கல்யாணம் செய்து அனுப்பக்கூடிய ஆள் ஒருத்திதான். சூசை எதற்கு வந்தான் என்பதும், பஸ் ஸ்டாண்டு வரை மரியசெல்வம் ஏன் கூட நடந்தார் என்பதும், சந்து முனையைத் தாண்டுவதற்குள் அவளுக்கு விளங்கிவிட்டது.

குறைந்திருப்பது ஒரு துண்டு. இரண்டில்லை.

அங்கேதான் அவள் கால் நின்றது. எதிரில் வந்த குதிரை வண்டிக்காரன், "ஏம்மா, ரோட்டு நடுவுல நிக்கிறே!" என்று சத்தம் போட்டான். அவள் காதில் விழவில்லை.

அவளை அனுப்பப் போகிறார்கள். பிலோமியை இல்லை.

*

மரியசெல்வம் காலை டூட்டி முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். ஆரோக்கியம்மாள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். பிலோமி கோயிலில் ஞானோபதேச வகுப்புக்குப் போயிருந்தாள்.

இந்த வீட்டில் ஒரு வழக்கம். தம்பி மனைவி மூத்தாரின் எதிரில் நின்று பேசமாட்டாள். ஏதாவது சொல்வதென்றால் கதவுக்குப் பின்னால் நின்று ஆரோக்கியம்மாளிடம் சொல்வாள். ஆரோக்கியம்மாள் அதை அவரிடம் சொல்வாள். பதிலும் அதே வழியில் திரும்பி வரும். கொழும்பிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் குரலை அமிர்தவல்லி கேட்டிருக்கிறாள். அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்றைக்கு நேராக வந்து அவர் இலைக்குப் பக்கத்தில் டின்னை வைத்தாள். தகரம் தரையில் பட்டு ஓசை எழுந்தது.

"இதுல கொறஞ்சிருக்கிற துண்டு யாரோடது?"

மரியசெல்வத்தின் கை சோற்றில் நின்றது. அவர் மனைவியைப் பார்த்தார்.

"என்னவாம்?"

ஆரோக்கியம்மாள் பழக்கத்தில் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. மூடிக்கொண்டாள்.

"அக்காட்ட கேக்கல. ஒங்கட்டதான் கேக்குறேன், அத்தான்."

அவர் முகம் சிவந்தது. குனிந்துகொண்டே பேசினார். "தம்பி துண்டுதான். போனவனுக்கு எத்தனை வருஷத்துக்கு ரொட்டி சுடுறது? கண்டவளும் வந்து வாங்கித் தின்னுட்டுப் போறாளுக. போதும்னு நான்தான் கொறைக்கச் சொன்னேன். இதுக்கு எதுக்கு ஊரைக் கூட்டுறா?"

காலையில் இதைச் சொல்லியிருந்தால் அமிர்தவல்லி நம்பியிருப்பாள். அழுதிருப்பாள். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு நாலு துண்டுக்கு மாவு பிசைந்திருப்பாள். இப்போது அவள் வெறுமனே நின்றாள்.

பேசியது ஆரோக்கியம்மாள்.

"பொய் சொல்லாதீங்க."

"ஏய்!"

"சோத்துல கையை வச்சுக்கிட்டுப் பொய் சொல்லாதீங்க. செத்த மனுசன் பதிலுக்கு வரமாட்டாருன்னு அவரு மேல போடுறீங்களே! ஒங்க கூடப் பொறந்தவருதானே?"

"அப்ப நீயே சொல்லு. ஒனக்குத் தெரியாதா?"

"நான் ஏன் சொல்லணும்? பேசி முடிச்சது நீங்களும் சூசையும். நடந்துக்கிட்டே பேசி முடிச்சீக. உக்காந்து பேசக்கூட ஒங்களுக்கு நேரமில்ல."

மரியசெல்வம் கையை உதறினார். பருக்கைகள் டின் மேல் தெறித்தன. இனி மறைக்க முடியாது என்று ஆனதும் அவர் குரல் பெரிதாகிவிட்டது. தப்புச் செய்தவர் போல அவர் பேசவில்லை. உபகாரம் செய்து கெட்ட பெயர் வாங்கியவர் போலப் பேசினார்.

"மணப்பாறையில ஜவுளிக்கடை வச்சிருக்காரு. பேரு அந்தோணிசாமி. சம்சாரம் பிரசவத்துல போயிருச்சு. மூணு பயலுக. நல்ல குடும்பம். வயசு முப்பது ஆகல, வெள்ளைச் சீலை கட்டிக்கிட்டு வீட்டோட கெடக்கிறாளேன்னு எங்களுக்கு இருக்காதா? ஒங்க அண்ணனுக்கு இருக்காதா? நாளைக்கு ரெண்டு கோயில்லயும் கல்யாண அறிவிப்பு, மொத ஓலை வாசிக்கிறாக."

"நாளைக்கா?"

"நாளைக்குத்தான்."

"சாமியாரு பொண்ணைக் கேக்காம எப்படி ஓலை எழுதுனாரு?"

"ஒங்க அண்ணன் போயிச் சொல்லிட்டான். பொண்ணு கூச்சப்படுது, வீட்டைவிட்டு வெளிய வரமாட்டேங்குது, சம்மதந்தான்னு சொல்லியிருக்கான். மூத்தார்னு நானும் கூட நின்னேன்."

அமிர்தவல்லிக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பாக வெளியே வரவில்லை.

"ஒரு டின்னு அடிக்கப் பழைய டின்னைக் கையோட கொண்டு போயிக் காட்டுனீங்க. என்னைப் பத்திச் சொல்ல என்னைக் கூட்டிட்டுப் போகத் தோணலையா அத்தான்?"

அவர் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

"பிலோமி?"

"அது எங்க ரத்தம். இங்கதான் இருக்கும்."

"அதைப் பெத்தது யாருன்னு ஒரு பேச்சு கெடையாதா?"

"அந்தாளு தன் புள்ளைகளைப் பாத்துக்கத்தான் ஆளு தேடுறாரு. இன்னொருத்தன் புள்ளையைச் சுமக்கமாட்டேன்னு சொல்லிட்டாரு. நாங்க என்ன அதை ரோட்டுலயா விடுறோம்? அதுக்கும் துண்டு வச்சுத்தானே டின்னு அடிச்சிருக்கேன்!"

இதைச் சொல்லும்போது அவர் முதன்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். தான் நியாயம் தவறவில்லை என்பதற்கு அந்த டின்னே சாட்சி என்பது போல விரலால் அதைத் தட்டியும் காட்டினார்.

கொல்லையில் ஒரு காகம் கத்திவிட்டு ஓய்ந்தது. எதிர்வீட்டில் யாரோ உரலில் ஏதோ இடித்தார்கள். சில வீடுகளில் மௌனம் ஓய்வு. இந்த வீட்டில் அது வேறு. இங்கே எல்லா முடிவுகளும் மௌனத்துக்குள் வைத்தே எடுக்கப்பட்டன. எடுத்த பிறகு யாராவது இடறி விழுந்தால்தான் அங்கே ஒன்று இருப்பது தெரியவரும்.

அமிர்தவல்லி ஆரோக்கியம்மாள் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

"புதன்கெழமை சொன்னாக."

"புதன்கெழமை. அன்னைக்கு மத்தியானம் என் தலையில பேன் பாத்தீங்க."

ஆரோக்கியம்மாளின் கண்கள் நிறைந்தன. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"ஆமா, பாத்தேன். ஒன் தலையைத் தொட்டுக்கிட்டே நெனச்சேன், பிலோமி என்கிட்டயே இருந்துரும்னு. கல்யாணமாகிப் பதினாலு வருஷம். வேளாங்கண்ணிக்கு எத்தனை தடவை நடந்திருப்பேன்? ஒண்ணும் தங்கல. அந்தப் புள்ளை ராத்திரியில தூக்கத்துல என் மேல காலைப் போடும். அது என்கிட்டயே இருந்துரும்னு நெனச்சதும் வேற எதுவும் எனக்குத் தோணல. நீ எப்படிப் போவே, அது எப்படி அழுவும், எதுவும் தோணல. அம்புட்டுத்தான். வேற பொய் என்கிட்ட இல்ல."

அமிர்தவல்லி அவளைத் திட்ட நினைத்தாள். மூத்தாரைத் திட்டுவது சுலபம். இவள் ஏக்கம் இன்னதென்று அவளுக்குத் தெரியும். தெரிந்தது கோபத்தைக் குறைக்கவில்லை. கொட்ட இடமில்லாமல் உள்ளேயே தேக்கியது.

"நான் போகமாட்டேன்" என்றாள். "நாளைக்கு ஓலை வாசிக்கும்போது எந்திரிச்சு நிப்பேன்."

"கோயில்ல பொம்பளை எந்திரிச்சுப் பேசுறதா?" மரியசெல்வம் எழுந்துவிட்டார். சாப்பாடு பாதியில் கிடந்தது. "ஊருல என் தலை நிமிர வேணாமா? டெப்போவுல நான் எப்படி நிக்கிறது? எந்திரிச்சியோ, இந்த வீட்டுப் படியை மிதிக்காத. புள்ளை வீட்டுக்கு வரும். நீ வரவேணாம். எங்கிட்டு வேணாலும் போய்க்க."

"ஒங்க வாயால நேரா சொல்லிட்டீங்கள்ல. அதுவரைக்கும் நல்லது."

"ஆரோக்கியம், இவகிட்டச் சொல்லு..."

"எதுக்கு அக்காகிட்டச் சொல்றீங்க? நான்தான் முன்னால நிக்கிறேனே!"

அவர் கை கழுவக் கொல்லைக்குப் போனார். போகிற வழியில் மாவுப் பாத்திரத்தைப் பார்த்தார். துணி குடையாக எழும்பி நின்றது. ஓரத்தில் மாவு பிதுங்கிக்கொண்டிருந்தது.

"மாவு வீணாப் போகுது பாரு."

"அது அஞ்சு துண்டு மாவு. ஒங்க டின்னுல அடங்காது."

"அழுத்தி வச்சா அடங்கும்" என்றார் மரியசெல்வம்.

அமிர்தவல்லி அவரைப் பார்த்தாள். பிறகு டின்னை எடுத்துக் கழுவினாள். உள்ளே எண்ணெய் தடவினாள். அவர் சொன்னபடியே முழு மாவையும் அதில் போட்டாள். முஷ்டியால் அழுத்தினாள். ஓரங்களில் அழுத்தினாள், மூலைகளில் அழுத்தினாள். மேல்மட்டத்தைப் புறங்கையால் தட்டி வாய்க்குச் சமமாக்கினாள். மாவு அடங்கித்தான் இருந்தது. அவர் திண்டில் சாய்ந்துகொண்டு பார்த்தார். "பாத்தியா?" என்று மனைவியிடம் சொன்னார்.

போறணையில் தணலை ஒதுக்கி டின்னை உள்ளே தள்ளித் தகரக் கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வந்தது. ஆரோக்கியம்மாள்தான் ஓடினாள். அமிர்தவல்லி நகரவில்லை. கதவைத் திறந்தபோது மாவு டின்னின் நாலு பக்கமும் வழிந்து செங்கலில் விழுந்து கரிந்துகொண்டிருந்தது. மேலே எழும்பிய மண்டை போறணையின் கூரையில் இடித்துக் கரிக்கட்டையாகியிருந்தது.

சூட்டோடு எடுத்து வந்து அவர் முன்னால் பலகையில் கவிழ்த்தாள். கத்தியை இறக்கினாள். நடுவில் கத்தி ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது பச்சை மாவு நூலாகக் கூடவே வந்தது.

மரியசெல்வம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் பிலோமி வந்தாள். பலகையைப் பார்த்தாள்.

"ரொட்டி ஏம்மா இப்படி இருக்கு?"

"டின்னு சின்னது."

"யாரு சின்னதா வாங்குனா?"

ஆரோக்கியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒன் பெரியப்பா" என்றாள் அமிர்தவல்லி. "மாத்தச் சொல்லியிருக்கேன்."

*

ஞாயிறு காலை நால்வரும் ஒன்றாகத்தான் கோயிலுக்கு நடந்தார்கள். தெருவில் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. மரியசெல்வம் முன்னால், பெண்கள் நாலடி பின்னால். அந்தக் குடும்பம் எப்போதும் அப்படித்தான் நடக்கும்.

பெண்கள் பக்கத்தில் மூவரும் உட்கார்ந்தார்கள். பிலோமி நடுவில். அவளுக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் பெரியம்மா.

அமிர்தவல்லி பூசையைக் கவனிக்கவில்லை. எங்கே போவது என்று யோசித்தாள். ஆவூர் இல்லை. சூசையின் வாசலை இனி மிதிக்கப் போவதில்லை. கொழும்பு இல்லை. இன்றைக்கு ராத்திரி எந்தக் கூரைக்குக் கீழே படுக்கப் போகிறோம் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்துக்கும் அடியில் கோபம் அசையாமல் கிடந்தது. அதன் மேல் கால் ஊன்றி நிற்கலாம் போலிருந்தது.

பிரசங்கம் முடிந்தது. சாமியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தாளை விரித்தார்.

"திருமண ஓலை. முதல் முறை. மணப்பாறைப் பங்கு, மனைவியை இழந்த அந்தோணிசாமிக்கும், இந்தப் பங்கு, காலஞ்சென்ற இன்னாசிமுத்துவின் விதவை அமிர்தவல்லிக்கும்..."

கோயிலுக்குள் ஒரு சலசலப்பு ஓடியது. முன் வரிசையில் இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நல்ல மனதோடுதான் சிரித்தார்கள். பிலோமி அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"...இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

அப்படித் தடை இருந்தால் பூசைக்குப் பிறகு பின்பக்கம் வந்து தனியாகச் சொல்வார்கள். பூசை நடுவில் எழுந்து நின்ற ஆளை அந்தக் கோயிலில் யாரும் பார்த்ததில்லை.

அமிர்தவல்லி எழுந்து நின்றாள்.

தாளை மடித்துக்கொண்டிருந்த சாமியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்னம்மா? உடம்பு சரியில்லையா?"

"தடை இருக்கு சாமி."

சலசலப்பு நின்றது. ஆண்கள் பக்கம் யாரோ இருமினார்கள்.

"தடையா? என்ன தடை?"

"பொண்ணுதான் சாமி."

"புரியும்படி சொல்லும்மா."

"நான்தான் அந்தப் பொண்ணு. என்னை யாரும் கேக்கல. ஒங்ககிட்டச் சம்மதம்னு சொன்னவுகளுக்கு நான் சம்மதம் குடுக்கல. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். எம்புள்ளையை விட்டுட்டு நான் எங்கிட்டும் போகமாட்டேன்."

குரல் கடைசி வரிசை வரை கேட்டது.

சாமியார் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆண்கள் பக்கத்தில் மரியசெல்வம் எழுந்தார். யாரையும் பார்க்காமல் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனார்.

அமிர்தவல்லி குனிந்து மகளிடம் கையை நீட்டினாள்.

"வா பிலோமி. போவோம்."

பிலோமி சட்டென்று எழுந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். ஓரடி எடுத்து வைத்தவள் அதற்கு மேல் போக முடியாமல் நின்றுவிட்டாள்.

அவளுடைய மறு கை ஆரோக்கியம்மாளின் கைக்குள் இருந்தது. ஆரோக்கியம்மாள் நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. உதடு ஏதோ செபத்தை முணுமுணுத்தது.

விரல்கள் மட்டும் விடவில்லை.